மாதிரி எண் பதினான்கு

கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
எழுந்திருக்க இருபது நிமிஷம்.
சரக்கு வண்டிக்கு நம்மைப் பற்றி
ஒரு அபிப்பிராயமும் கிடையாது.
குட்டியானையை ஆஃப் பண்ணிவிட்டு,
பின்னால் காலி கேன்கள் ஒன்றோடொன்று முட்டி அடங்கியதும்
நான் செத்தவர்களைப் பார்க்கப் போகிறேன்.

போனில்.

யூனுஸ்தான் ஏற்றிக் கொடுத்தான்.
துப்பாக்கி எங்கடா என்றேன்.
"கெடையாது மாமே.
நோட்டு இருக்கு. தெர்மாமீட்டர் இருக்கு.
பஞ்சு சுத்தின குச்சி ஒண்ணு இருக்கு.
கடிக்க வந்தா பின்னாடி போய் நின்னுக்கினு
எத்தினி அடியில நிக்குதுன்னு எழுது."

முதல் வாரம் மூன்று முறை செத்தேன்.
ஒவ்வொரு முறையும் திரை கேட்டது:
கடிபட்டபோது என்ன கவனித்தாய்?
ஒன்றுமில்லை என்று அடித்தேன்.
பரவாயில்லை என்றது,
பூஜ்யம் போட்டது.

இப்போது என் பொறுப்பில் மாதிரி எண் பதினான்கு.
ஆண். நாற்பது இருக்கும். ஒரு காலில் மட்டும் செருப்பு.
பெயர் வைக்கக் கூடாது என்பது விதி;
வைத்தால் உனக்குத் தோன்றுவதையெல்லாம்
அதன் தலையில் கட்டுவாய்.
நான் வைக்கவில்லை.
யூனுஸ் தன்னுடையதற்கு
வீட்டு ஓனர் பெயரை வைத்துவிட்டான்.

பதினான்கு தினமும் ஒரு சுவர் வரை நடக்கும்.
நிற்கும்.
வலது கையைத் தூக்கிக் காற்றில் எதையோ திருகும்,
மூன்று சுற்று.
திரும்பி வரும்.

கருதுகோள் ஒன்று: பசி.
கறித்துண்டு வைத்தேன், சீந்தவில்லை.
இரண்டு: வெளிச்சம். இல்லை.
மூன்று: தண்ணீர்க் குழாய்.
எங்கள் தெருவில் பிறந்தவன் வேறென்ன நினைப்பான்.
அதுவும் இல்லை.

யூனுஸ் ஐஸ் ஃபேக்டரியில் இருக்கிறவன்.
"வால்வுடா அது" என்றான்.
"தொறக்குதா, மூடுதா?"

மூன்று வாரம் பார்த்திருக்கிறேன்.
எந்தப் பக்கம் திருகுகிறது என்று
எழுதவே இல்லை.

இந்த விளையாட்டில் அதிக மார்க் எதற்குத் தெரியுமா?
கீழே ஓரமாக ஒரு பொத்தான்:
நான் நினைத்தது தவறு.
அழுத்தினால் ஐம்பது,
காரணமும் எழுதினால் நூறு.
சுட்டே பழகிய விரலுக்கு
அது ரொம்ப தூரத்தில் இருந்தது.

போன மாதம் ஒரு ராத்திரி அந்த வாடை.
அழுகின முட்டையையும் ரப்பரையும்
ஒரே சட்டியில் வதக்கின மாதிரி.
பக்கத்துப் போர்ஷன் எஸ்தர் அக்கா
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.
மாடியில் இன்னும் அதிகம்.

காலையில் வந்த அதிகாரி
ரெண்டு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.
இப்ப ஒண்ணும் வரலியே.
எல்லாம் அளவுக்குள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
எட்டிப் பார்த்தேன்,
அவர் தாளின் ஓரத்தில்
அந்தப் பொத்தான் இல்லை.

கத்தத்தான் வாயைத் திறந்தேன்.
அன்று ராத்திரி மறுபடி வந்தபோது
கை தானாக
கேன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பியது.

மணி 1.34. காற்று வடக்கிலிருந்து;
கொடியில் கிடந்த எஸ்தர் அக்கா நைட்டி காட்டியது.
இருமினவர்கள் ஏழு. கண் எரிச்சல் நாலு. வாந்தி ஒன்று.
மீன்கடைப் பூனை வெளியே வரவில்லை.

பதினோரு நாள் ஆகிறது.
ஞாயிறு வாடை இல்லை, புரிகிறது.
வியாழனும் இல்லை. அது ஏன் என்று தெரியவில்லை.
இதை யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை;
போனில் அதற்கு ஒரு பச்சை அம்பு இருக்கிறது.

ஹாரன்.
வண்டி வருகிறது, எண்ணெய் டேங்கர்கள்,
தண்டவாளத்தோடு சேர்ந்து ஸ்டியரிங்கும் நடுங்குகிறது.
சத்தம் மைக் வழியாக உள்ளே போயிருக்கும் போல.
சுவருக்கு முன்னால் நின்ற பதினான்கு
கையை இறக்கியது.
முதல் முறையாகத்
தலையை இந்தப் பக்கம் திருப்பியது.

கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் இருப்பவன் ஹாரனில் படுத்துக்கொண்டு
என் வம்சத்தையே இழுக்கிறான்.

இரு தலைவா.
டைம் எழுதிக்கிறேன்.