இதர

சத்துவாச்சாரி, ஆட்சியர் அலுவலகம்,
இரண்டாம் மாடிப் பதிவறை.
'மாசு' என்று தட்டினான் தாஹிர்.
ஏழு மனு வந்தது.
முப்பது வருசத்துக்கு, பாலாறு நெடுக,
ஏழே பேர்தானா மேடம்?

பழைய மனுக்களையெல்லாம்
எழுத்துப்பிழையோடு அப்படியே
கணினியில் ஏற்றியவன் அவன்.
அவனுக்கே சந்தேகம்.

மாசு என்று யாரப்பா எழுதினார்கள்?
'மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிடுது' என்றார்கள்.
'சோறு வடிச்சா மஞ்சளா கீது.'
'எளநியே உப்பு.'
'எங்க ஊருக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்றாங்க,
ஐயா பாத்து செய்யணும்.'
ஒருவர் வரித் தள்ளுபடி கேட்டு நாலு பக்கம்;
கடைசி வரியில்தான் கிணறு.

உப்பு போடு என்றேன்.
ரேஷன் உப்பில் கல் என்று நாற்பது,
உப்புச் சத்தியாகிரகத் தியாகியின் மனைவி
ஓய்வூதியம் கேட்டு ஒன்பது முறை.
மஞ்சள் போட்டால் மஞ்சள் விலை.
இது வேண்டாம், இது வேண்டாம்,
இதை எடு, இதை எடு.
டீ வந்து ஆறிப்போனது.
நாலு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

நுரை போடலாமா மேடம்?
அவனாகவே கேட்டான், அவனாகவே போட்டான்.

கொண்டரப்பாக்கம் எட்டியம்மாள்.
இரண்டாயிரத்து ஒன்பது, ஆடி மாசம்.
'கெணத்துல நுர நுரயா வருது சாமி.
யாரும் துணி தொவைக்கலயே,
எங்கேர்ந்து வருது?'
அவ்வளவுதான் மனு.

தலைப்பு: இதர.
மேல்நடவடிக்கை தேவையில்லை.
கீழே வால் நீட்டிய சுருக்கொப்பம்,
பேனா மாறியும் மாறாத
என் வால்.

அன்றைக்கு என்ன நினைத்தேன், ஞாபகமில்லை.
கேள்விதானே, கோரிக்கை இல்லையே
என்றிருப்பேன்.
கட்டு கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருப்பேன்.
நினைக்கத் தெரியாத பெட்டி
அதைத் தூக்கி என் முன் போட்டுவிட்டு
அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கிறது.

தலைப்பை என்னன்னு மாத்தட்டும் மேடம்?
கட்டத்துக்குள் ஒரு கோடு
மின்னி மின்னி அணைகிறது.
குடிநீர் என்றால் குடிநீர்.
நிலத்தடி நீர் என்றாலும் சரிதான்.
'எங்கேர்ந்து வருது' என்று
ஒரு தலைப்பு நம்மிடம் கிடையாது.

அப்படியே விடு என்றேன்.
முகவரியை மட்டும்
கைப்பையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்புறம்
எழுதிக்கொண்டேன்.
கதவு எண் போடவில்லை அவள்.
'கெணத்துக்கு எதுர் வூடு.'