மொட்டைக் கடுவ

கொட்டாஞ்சேனையில், மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில்
செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ஆறு மணிக்கு
ஒரு உயிரெழுத்துக்காகச் சண்டை பிடிக்கிறேன்.
'ஓபிஸ்' இல்லை, 'ஒபிஸ்'.
'வெடிங் ஹோல்' என்றால்
கலியாணம் ஓட்டைக்குள் நடக்கிறது, பிள்ளை.
வாயைத் திற, இன்னும் திற என்கிறேன்,
பல் வைத்தியர் மாதிரி.
நகைக்கடையில் நிற்கிற லோகேஸ்வரி திறக்கிறாள்.
அவளுக்கு அடுத்த மாதம் வங்கியில் நேர்முகம்.
மனைவி கனடாவில் இருக்கிற துவாரகன்
ஒரே வசனத்தைத்தான் பாடமாக்குகிறான்:
எங்கள் திருமணம் உண்மையானது.

மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபா.
இந்த ஊரில் ஒரு ஓகாரம் அதைவிட விலை.
வாய் திறந்த மூன்றாவது செக்கனில்
எந்தப் பள்ளிக்கூடம், எந்த லேன், அப்பாவுக்கு என்ன வேலை
எல்லாம் மேசையில் கிடக்கும்.

சிங்களத்தில் இந்தப் பாஷைக்குப் பட்டப்பெயர் கடுவ.
வாள்.
வைத்திருக்கிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை.
வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர்.

போன புதன், நூறாம் நம்பர் பஸ்ஸில்,
பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள்
என் கைப்பையின் வயிற்றை யாரோ பிளேட்டால் கீறியிருந்தார்கள்.
அடையாள அட்டை, ஆயிரத்துச் சொச்சம்,
திருத்துகிற சிவப்புப் பேனை.

பொலிசில் தமிழ் எழுதுகிறவர் லீவு.
என் சிங்களம் மரக்கறிக் கடையோடு முடிந்துவிடும்,
கீயத, எப்பா, சரி மல்லி.
ஆகவே உருவினேன்.
தங்களுக்குச் சிரமமில்லையென்றால்
முறைப்பாடொன்றைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்
என்பதை ஆங்கிலத்தில், ஒரு கீறல் இல்லாமல்.

கொன்ஸ்டபிளின் முகம் கடைச் ஷட்டர் மாதிரி இறங்கிற்று.
இருபத்து நாலு வயதிருக்கும். சட்டையில் விஜேகோன்.
காது சிவந்தது.
அந்தச் சிவப்பு எனக்குப் பழக்கம்,
கிழமைக்கு இரண்டு தரம் பார்க்கிறேன்.
வாங்கைக் காட்டினான். இருந்தேன்.
நாற்பது நிமிஷம்.

பிறகு எழும்பிப் போய் வேறு ஆளாகக் கதைத்தேன்.
"பஸ் இன்சைட், பேக் கட். பர்ஸ் கோன். ஐடி ஓல்சோ கோன்."
"வட் டைம் கோன்?"
"மோர்னிங் ஓன்லி."
"அய்யோ. மிஸ், சிட், சிட்."
இலக்கணத்தின் எலும்பு ஒவ்வொன்றாக முறிய
அவன் நிமிர்ந்துகொண்டே வந்தான்.
கதிரை வந்தது. தேத்தண்ணி வந்தது.
கள்ளனின் சட்டை நிறம் வரைக்கும்
இரண்டு பேருமாகச் சேர்ந்து கண்டுபிடித்தோம்.

அவனுடைய கடுவ மொட்டை.
என்னுடையதை நான் கல்லில் அடித்து மொட்டையாக்கியிருந்தேன்.
ஒருவருக்கும் காயமில்லை.

சிங்களத்தில் எழுதி நீட்டினான்.
ஒரு எழுத்தும் விளங்காமல்
கீழே தமிழில் கையெழுத்து வைத்தேன்.
"டுமோரோ ஓபிஸ் கம், மிஸ்."
ஓ.
நீளமாக, வட்டமாக, கவலையில்லாமல்.
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

கோல் ரோட்டில் நடந்து வரும்போதுதான் உறைத்தது.
அது மரியாதையா?
இல்லை, அவனிடமிருந்தும் ஒன்றை நான் பிளேட்டால் கீறி எடுத்தேனா?
இன்னும் தெரியாது.

வியாழன் ஆறு மணி.
"ஓபிஸ்" என்றாள் லோகேஸ்வரி, எழுந்து நின்று, தெளிவாக.
வகுப்பு என்னைப் பார்த்தது.
பேனையைத் தேடினேன்.
துவாரகன் தன்னுடைய நீலத்தை நீட்டினான்.

திருத்தினேன்.
வங்கியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கப்போவது
விஜேகோன் இல்லை.