குற்று

பேலியகொடையில் பதினொரு வருஷம்
மீனுக்கு ஐஸ் போட்டவன் நான்.
மீன் ஒன்றும் கேட்காது.
தெளிவோ மங்கலோ
பாரைக்கும் சூரைக்கும் ஒன்றுதான்.

இங்கே ஒரு மயிர்க்கீறல் விழுந்தாலும்
பொடியள் குந்தியிருந்து தடவிப் பார்க்கிறார்கள்,
காயம் எனக்குப் பட்டதுபோல
என்னையும் பார்க்கிறார்கள்.

மருதானையில் ஒரு பழைய படமாளிகை.
கதிரைகளைக் கழற்றிய இடத்தில்
எட்டு பஸ் நிறுத்தும் அளவுக்கு வெள்ளைத் தளம்.
வெளியே முப்பத்துமூன்று பாகை, உள்ளே மைனஸ் ஐந்து.
கண்ணாடி போட்டவர்கள் கதவடியில் நின்று
கொஞ்ச நேரம் குருடாகி, பிறகு வருவார்கள்.

வாசலில் மூன்று மொழியில் பதாகை:
தேசியப் பல்கலைக்கழக ஆண்கள் ஐஸ் ஹொக்கி வெற்றிக்கிணணம்.
கிண்ணத்தில் ஒரு குற்றைக் காணவில்லை.
முதல்நாள் காலை ஏணி வைத்து ஏறி
கறுப்பு மார்க்கரால் நானே வைத்தேன்.

ஆறு அணி.
யாழ்ப்பாணத்துப் பொடியள்
சீமெந்துத் தரையில் சில்லுச் சப்பாத்தோடு பழகியவர்கள்.
முதல் மட்ச்சில் விழுந்ததை எண்ணினேன், நாற்பத்தொன்று.
பிறகு எண்ணுவதை விட்டேன்.
அவர்களின் கோல்காப்பாளன் துசிந்தன்
மெத்தைக்கடைப் பஞ்சில் தைத்த காலுறையோடு
விழுந்து கிடந்தே எல்லாவற்றையும் பிடித்தான்.
எழும்பி நின்றால்தான் விட்டான்.

இறுதிப் போட்டி மொறட்டுவையோடு.
இரண்டுக்கு இரண்டு. இன்னும் ஏழு நிமிஷம்.
கூரைக்கு மேலே ஏப்ரல் இடி
ஒருதரம் உறுமியது.
கரண்ட் போனது.

ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும்தான் காணும்.
குளிரூட்டி என் காலடியில்
பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது.
நடுவர் பீரிஸ் கையைத் தூக்கி என்னைக் கேட்டார்,
எவ்வளவு நேரம் தாங்கும்?

அவனவன் இரவு பஸ்ஸுக்கு டிக்கட் போட்டிருந்தான்.
'வினாடி விஸ்ஸய்' என்றேன்.
சிங்களத்தில் வினாடி என்றால் நிமிஷம்.
அதையே தமிழில் சொல்லியிருந்தால்
உண்மைக்குக் கிட்ட வந்திருக்கும்.

விளையாடினார்கள்.
சப்பாத்துக் கத்திகள் சீறுவதை விட்டுச்
சளக் சளக் என்றன.
சனம் சிரித்தது, பிறகு சிரிக்கவில்லை.

கடைசி நிமிஷம் சந்தருவன் தனியே வந்தான்.
துசிந்தன் வலப்பக்கம் விழுந்தான், பந்தயம் இடப்பக்கம்.
வெறும் வலை.
வட்டு போனது, போனது,
முன்னால் ஒரு சின்ன அலையைத் தள்ளிக்கொண்டு
போய்,
நின்றது.

கோட்டுக்கு நாலு விரல் முன்னால்.
அலை மட்டும் தாண்டிப் போய்
வலையை நனைத்தது.

தண்ணீருக்கு யாரும் கோல் கொடுப்பதில்லை.
துசிந்தன் தவழ்ந்து வந்து
கோழிக்குஞ்சைப் பொத்துவதுபோலப் பொத்தினான்.
நடுவர் ஊதினார். கூட்டு வெற்றி,
கிண்ணம் ஆளுக்கு ஆறு மாதம்.
பாதிப்பேர் கத்தினார்கள், பாதிப்பேர் கட்டிப்பிடித்தார்கள்,
எல்லோருமே ஈரம்.

எல்லாரும் போனபின் சந்தருவன் வந்தான்.
சண்டைக்கென்று நினைத்தேன்.
மணிக்கட்டு வீங்கியிருந்தது.
'அண்ணே, கொஞ்சம் ஐஸ்.'

இருந்ததில் நல்ல துண்டாய்ப் பார்த்து
சந்தைப் பழக்கத்தில் ஒரே தட்டில் உடைத்து
துவாயில் சுற்றிக் கொடுத்தேன்.
இருபது இல்லை, எனக்குப் பத்தென்று தெரியும் என்றேன்.

அவன் துவாயைக் கையில் அழுத்தியபடி
வலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.
'பத்து நிமிஷத்துக்கு முன்னாலேயே
நான் அடித்திருக்க வேண்டும்' என்றான்.
மன்னித்தானா, இல்லையா,
எனக்கு இன்னும் விளங்கவில்லை.
கதவு வரைக்கும் சொட்டுச் சொட்டாய் வழி விட்டுப் போனான்.

விடியக் கதவைத் திறந்தேன்.
இரவு மழையில் மார்க்கர் மை வழிந்து
மறுபடியும் கிணணம்.

ஏணியை எடுத்துவரப் போனேன்.