ஒருமனதாக

மாவட்டத் திட்டக் குழுவில்
ஓசூருக்குப் பதினோரு கை.
கிருஷ்ணகிரிக்கு நான்கு.
அஞ்செட்டி மலைப்பக்கம் மொத்தத்துக்கும் நான் ஒருத்தி.
பெயர்ப்பலகையில் கெம்பம்மா என்பதைக்
கம்பம்மா என்று அடித்திருந்தார்கள்.
திருத்தச் சொல்லவில்லை.
கம்பம்போல நேராக உட்கார்ந்திருந்தேன்.

எத்தனை தலையோ அத்தனை கை என்றார்கள்.
நியாயம்தான்.
ராகி மூட்டையைக்கூட
நிறுத்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

பொருள் எண் ஏழு:
சிப்காட் சந்திப்பில் மேம்பாலம்.
பொருள் எண் எட்டு:
அஞ்செட்டியிலிருந்து கடம்பள்ளத்துக்கு
ஒன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை.
"இந்த வருஷ நிதி ஒன்றுக்குத்தான் காணும்"
என்றார் செயற்பொறியாளர்,
பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தியபடி.

நான் கிளம்பியது முந்தைய நாள் மதியம்.
மூன்றாம் வளைவில் இறங்கி ஜீப்பைத் தள்ளி,
தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி,
இராயக்கோட்டையில் நாத்தனார் வீட்டில் படுத்து,
விடிந்ததும்
தக்காளி லோடுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து.
இதையெல்லாம் சொல்ல எழுந்தேன்.
இரண்டு நிமிடம் என்றார்கள்.

அதனால் ஒன்றே ஒன்று சொன்னேன்:
ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற ஓடைக்கும்
ருக்மாவின் வாசலுக்கும் நடுவே
ஐயாயிரத்து இருநூறு எட்டு.
நானே நடந்து எண்ணியது.
தலையை எண்ணிய நோட்டில்
இதற்கொரு பத்தி உண்டா?

யாரோ இருமினார்கள்.
ஓசூரின் ஏழாம் கை, முனிகிருஷ்ணன், எழுந்தார்.
கெட்டவர் இல்லை.
"அக்கா, போன வாரம் எங்க சந்திப்பிலும்
நாற்பது நிமிஷம் ஒரு ஆம்புலன்ஸ் நின்னுது.
உள்ளே படுத்திருந்த பையன்
உங்க மலைக்காரன்."

அதற்குப் பிறகு எனக்கு
வேறு கணக்கு ஓட ஆரம்பித்தது.

பேடரப்பள்ளியில் ஆறு பேரோடு ஓர் அறையில்
என் மகன் மாதேஷ்.
சிவண்ணாவின் மகள்கள் இருவரும்
கம்பெனி விடுதியில், அடுக்குக் கட்டிலில்.
தொட்டமாதய்யன் வீட்டில் எல்லோரும்,
கதவுக்குப் பூட்டு, ஆட்டுக்கு விலை,
ரேஷன் கார்டுக்குப் புது முகவரி.
பள்ளிக்கூடத்தில் பதினாறு பிள்ளைகள் இருந்த இடத்தில்
இப்போது ஐந்து பேரும் ஒரு டீச்சரும்,
டீச்சரும் வியாழக்கிழமை வருவதில்லை.
பாதை சரியில்லையென்று போனார்கள்.
போய்விட்டதால் நாங்கள் குறைந்தோம்.
குறைந்தவர்களுக்குப் பாதை எதற்கு என்கிறது
பொருள் எண் எட்டு.

எதிரே இருந்த பதினோரு கைகளையும்
மறுபடி பார்த்தேன்.
மோதிரம் போட்டது, கடிகாரம் கட்டியது,
பேனா சுழற்றிக்கொண்டிருந்தது.
அதில் ஏதோ ஒரு கையின் சுண்டுவிரலாவது
எங்கள் ஊரில் முளைத்தது.

"மேம்பாலத்துக்கு ஆதரவு?"

பதினோரு கையும் எழுந்தன.
கிருஷ்ணகிரி ஒரு கணம் யோசித்து எழுந்தது.
பர்கூர் எழுந்தது, ஊத்தங்கரை எழுந்தது,
அவர்களுக்கும் அங்கே பிள்ளைகள்.

"எதிர்ப்பு?"

தூக்கினால்
மாதேஷ் அந்தச் சந்திப்பிலேயே நிற்பான்,
இரவு ஷிஃப்ட் முடிந்த கண்ணோடு.
தூக்காவிட்டால்
ருக்மா நடப்பாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.
டீ டம்ளர் விட்டுப்போன ஈர வட்டத்தின் மேல்
கை அப்படியே கிடந்தது.
என் கைதான்.
ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை.

நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்:
ஒருமனதாக.

வெளியே பயணப்படிக்குப் படிவம் கொடுத்தார்கள்.
தூரம் என்ற கட்டத்தில் எண்பத்து நான்கு எழுதினேன்.
எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.
"அஞ்செட்டி வரைக்கும்தாம்மா போட முடியும்.
அதுக்கு மேல ரோடுன்னு ஒண்ணு இதுல இல்ல."
ஒன்பதைக் கழித்துவிட்டுக்
கையெழுத்துக்கு இடம் காட்டினார்.

பஸ் நிலையத்திலிருந்து மாதேஷுக்குப் போன் போட்டேன்.
"தலை எண்ண வருவாங்கப்பா.
எந்த ஊருன்னு கேட்டா
என்ன சொல்லுவே?"

சந்திப்பில் நின்றிருந்தான் போல.
நாலா பக்கமும் ஹாரன்.
ஏதோ சொன்னான்,
கேட்கவில்லை.