நூற்றைந்து கால்டாலர்

கண்ணாடி மேசைக்கு இந்தப்புறம் நின்று
இருபத்தோரு வருடம் விற்றிருக்கிறேன்.
பொக்கடெல்லோவில் நவம்பரிலேயே பனி வந்துவிடும்.
வெர்னா ஹாஸ்கல் வந்ததும் அப்படியொரு மதியம்தான்,
பூட்ஸில் சாலை உப்பும் சேறுமாக.

தின்பண்ட எந்திரங்களில் காசெடுக்கிறவள்.
ரயில் பணிமனை, ஆஸ்பத்திரி, உருளைக்கிழங்கு ஆலை:
எழுபது எந்திரம், ஒரே ஒரு வேன்.
பிளாக்ஃபுட் போகும் வழியில் எவனோ
வேன் கதவில் வைத்து அவள் கையை நசுக்கியிருந்தான்.
கட்டைவிரலில் இன்னும் கட்டு.

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.
கைக்குள் அடங்கும்; சட்டையில் மாட்டாது,
விளிம்பையெல்லாம் மழித்திருக்கிறார்கள்
ஆற்றில் கிடந்த கூழாங்கல் மாதிரி.
மேகஸினில் பத்து, அறைக்குள் ஒன்று.
இருட்டிலும் மூன்று பச்சைப் புள்ளி தெரியும்,
பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று.
சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்காமலிருக்க
அடியில் ஒரு சின்ன உதடு.

அவள் கேட்டது: எவ்வளவு கனம்?
இருபத்தோரு அவுன்ஸ், நிரப்பிய பிறகு.
கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள்.
"நூற்றைந்து கால்டாலர்.
மூன்று சுருளுக்குப் பதினைந்து காசு குறைவு."

ஸ்லைடை இழுக்கத்தான் சிரமப்பட்டாள்.
ஸ்பிரிங் குட்டை, அதனால் முரடு,
சின்னதுக்கெல்லாம் அந்தக் குணம் உண்டு என்றேன்.
"என் அம்மாவும் குட்டைதான்" என்றாள்,
பல்லைக் கடித்து இழுத்தாள், வந்துவிட்டது.

பிறகு வருடத்துக்கு ஒருமுறை, எண்ணெய் வாங்க.
குழல் வாயில் துணிப்பஞ்சு,
வியர்வையில் துருவேறிய ஒரு திருகு,
பிடியின் சொரசொரப்பில் சிப்ஸ் உப்பு.
அட்டை மனிதனைத் தவிர யாரையும் சுட்டதில்லை.
தபால் நிலையம் என்றால் வேனில் பூட்டிவிட்டு இறங்குவாள்;
மகளின் பள்ளிக்கூடம் என்றாலும்.
இறங்கியபின் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பாளாம்,
கழற்றிய மோதிரத்தைத் தேடும் விரல்போல.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.
இரண்டில் எது முதலில் வந்தது
என்று எழுத ரசீதில் இடமில்லை.

என் அண்ணன் ராய்ஸ் இறந்த மார்ச்சில்
தேவாலயப் படிக்கட்டில் அவளைப் பார்த்தேன்.
பணிமனை எந்திரத்தில்
தினமும் வேர்க்கடலை மிட்டாய் வாங்கியவன் அவன்.
நான்காவது வரிசை தீர்ந்துவிடாமல்
அவனுக்காகவே நிரப்பி வைப்பாளாம். எனக்குத் தெரியாது.

கட்டிக்கொள்ள வந்தாள்.
வலது இடுப்பைப் பின்னுக்கு வாங்கி,
முழங்கையால் அதை மூடி,
இடது தோளை மட்டும் முன்னால் கொடுத்தாள்.
நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.
எலும்பும் எலும்பும் இடித்துக்கொண்டன.
இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது;
ஒருவரும் சிரிக்கவில்லை.
நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவு குளிர்.

எத்தனை வருடமாக இப்படி?
என் மனைவியை, என் பையன்களை,
ஆஸ்பத்திரிக் கட்டிலில் ராய்ஸை,
எல்லோரையும் பாதியுடம்பால்.
எந்தப் பெட்டியின் கையேட்டிலும் அது இல்லை.

"நான்காவது வரிசை நிரம்பித்தான் இருக்கிறது"
என்று காதருகில் சொல்லிவிட்டு
வேனுக்குப் போனாள்.

திங்கட்கிழமை கடையைத் திறந்தேன்.
பால் பண்ணையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன்
அதே மாடலைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
எவ்வளவு கனம் என்றான்.

நூற்றைந்து கால்டாலர் என்றேன்.
விழித்தான்.