உறவு முறை

பகாவ் தபாலாபீஸ் ஓரம்
பாரம் எழுதிப் பிழைக்கிறவன் நான்.
ஒரு பாரம் மூணு வெள்ளி.
காத்தாயிக்குப் பதினொரு தடவை எழுதியிருக்கிறேன்,
கடைசி நாலுக்குக் காசு வாங்கவில்லை.

மாசிலாமணி ஓய்வு பெற்று வந்த வருஷம் நல்ல மழை.
மூணாம் டிவிஷன் தண்டல் மகன்;
ஐந்து தலைநகரங்களில்
கொடி பறக்கும் காரில் போன தூதர்.
எந்த அரசருக்கு எத்தனை அங்குலம் குனிவது என்று
அவர் முதுகுக்குத் தெரியும்.
ஒப்பந்தம் ஒன்றில் ஒரு காற்புள்ளியை நகர்த்தப்
பதினேழு இரவு விழித்தாராம்.
நகர்ந்ததாம்.
அதனால் எங்கோ ஒரு கடலில்
மீன்படகுகளை இப்போது யாரும் சுடுவதில்லையாம்.

அவரும் காத்தாயியும்
தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு.
பிறகு அவள் பால்வாளி தூக்கப் போனாள்.
அவள் பிறந்ததைக் குறித்த கிராணியின் பேரேட்டைக்
கரையான் படித்து முடித்துவிட்டது.
வயசு அறுபத்தெட்டு. கையில் சிவப்பு அட்டை.
சிரம்பான் தாண்டிப் போனதில்லை.

பன்னிரண்டாவது பாரத்தைத்
தானே எழுதுவதாகச் சொல்லி
என் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

சிரம்பானில் டோக்கன் நானூற்றுப் பத்து.
அந்த வெக்கையில் நெக்டை கட்டி வந்திருந்தார்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பையன்
ஒரு கட்டத்தைத் தட்டினான்:
விண்ணப்பதாரருக்கு நீங்கள் என்ன உறவு?
மொழிபெயர்ப்பாளர் முடிக்கட்டும் என்று
காத்திருப்பவர்போல இருந்தார் கொஞ்ச நேரம்.
பிறகு எழுதினார்: அண்டை.
அது செல்லாது என்றான் பையன்.

உள்ளே காத்தாயியை மலாய் பேசச் சொன்னார்கள்.
மீன்காரனோடு தினமும் சண்டை போடும் மலாய்
நாற்காலியில் உட்கார்ந்ததும் ஓடிவிட்டது.
மந்திரி பேர் கேட்டார்களாம்.
எந்த நிரையில் எந்த மரம்
எவ்வளவு பால் தந்தது என்று
கேட்டிருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் இரு பக்கமும் செம்பனை.
"நீ இருந்த ஊருங்கள்ல
பாஸ்போர்ட்ட தொலைச்சவங்க யாராச்சும் வருவாங்களா?"
"வருவாங்க."
"குடுத்துருவியா?"
"ராத்திரி ரெண்டு மணின்னாலும்."
அவள் தலையாட்டிவிட்டு
கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்தாள்.
அவருக்குத்தான் முதலில் நீட்டினாள்.
அவர் ஒவ்வொன்றாகத் தின்றார்,
பகாவ் வரும்வரை.

மறுநாள் காலை என் மேசையில்
மூணு வெள்ளி வைத்தார். நெக்டை இல்லை.
"இந்தத் தடவை நீயே எழுது," என்றார்.
"அந்த ஒரு கட்டத்த மட்டும்
விட்டு வை."