விழுகிற சத்தம்

கேப்டன் ஏழரைக்கு வயது ஏழரை.
பேரைக் கேட்டதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும்,
பையன் கால் வைத்த இடம் உருப்படாது.

வால்பரைசோவின் மலைச்சரிவில் வீடு.
பறக்கத் தெரியும்,
நிற்கத் தெரியாது.
சிவப்புப் போர்வை விஞ்ச் கதவில் மாட்டிக்கொள்ள
பாதி மலைவரை தலைகீழாகப் போவான்,
எதிர்ப்பெட்டிக்காரர்களுக்கு வணக்கம் வைத்தபடி.
ஓடுகிற டிராலி பஸ்ஸை ஒற்றைக் கையால் நிறுத்துவான்.
அது பஸ் நிறுத்தம். எப்படியும் நிற்கும்.
இறங்குகிற ஒருத்தர் அந்த நீட்டிய கையில்
பத்து பெசோ வைத்துவிட்டு நடப்பார்.

அவனை விழவைப்பது என் வேலை.
முதலில் கூரையை வரைவேன், பிறகு அதில் ஓட்டையை.
ஐந்தாம் கட்டத்தில் காற்றில் நிற்கிறான்,
ஆறாம் கட்டத்தில் கீழே பார்க்கிறான்,
ஏழாவதில் வெறும் புழுதி, இரண்டு நட்சத்திரம்.
அத்தோடு என் சம்பளம் முடிந்தது.

சத்தம் எர்மிந்தாவுடையது.

செவ்வாய்தோறும் சந்தையில்
முட்டைக்கோஸைக் காதில் வைத்துத் தட்டித் தட்டி வாங்குவாள்.
கடைக்கார பௌதிலியோ கேட்பான்:
"சூப்புக்கா, மண்டைக்கா?"
"மண்டைக்கு. நெற்றிப்பக்கம்."
முதுகுக்கு நனைத்த துண்டு.
தன்மானத்துக்குச் செலரித் தண்டு,
மைக்கை ஒட்டி, மெதுவாக முறிக்க வேண்டும்.
பறப்பதற்குக் கிழிந்த குடையின் துணி.
அதைக் கேட்டுத்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள்
கட்டிலிலிருந்து குதிக்கிறார்கள்.

முப்பத்தோராம் பாகத்துக்கு
இயக்குநர் லிசாந்த்ரோ ஒரு ஆசையோடு வந்தார்.
"ஒரே ஒரு தடவை,
அவனுக்கு நிஜமாகவே வலிக்கட்டும்."

மூன்று நாள்.
பூசணியைப் போட்டாள். மாவு மூட்டையைப் போட்டாள்.
ஒரு ஆர்மோனியத்தைப் போட்டாள், அது ஸ்டூடியோ சொத்து.
ஒவ்வொன்றும் சிரித்தது.
"இருபது வருஷமா கையைச் சிரிக்கப் பழக்கிட்டேன்,
இப்போ அழுன்னா எங்கே போகும்" என்றாள்,
பையில் மிச்சக் காய்கறியோடு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மழை. கரண்ட் இல்லை.
அவள் வீட்டுக்கு நூற்று எழுபது படி.
எத்தனையாவது என்று அவளுக்கே தெரியாது,
சறுக்கியது.

முட்டைக்கோஸ் போனது:
டொம், டொம், டொம்டொம், ஒரு தகரக் கதவு, ஒரு நாய்,
டொம், பிறகு எங்கேயோ தண்ணீருக்குள்.
மேலே ஒரு ஜன்னல் படாரென்று திறந்தது.
"அம்மா! கேப்டன் விழுந்துட்டான்!"
பைஜாமாவில் ஒரு சின்னப் பையன்,
பாதி உடம்பு வெளியே,
வானத்தில் தேடுகிறான்.

எர்மிந்தா இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.
முழங்கால் பிளந்திருந்தது. வாயைத் திறக்கவில்லை.
திறந்தால் கீழே பார்த்துவிடுவான்.
அவன் அம்மா வந்து
அவனைப் பின்னாலிருந்து பிடித்திழுத்து
ஜன்னலைச் சாத்தும்வரை
மழையில் நனைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் கட்டுப்போட்ட காலோடு வந்து
அந்தக் காட்சிக்கு
ஒன்றுமே போடவில்லை.
ஒன்றரை விநாடி, குடைத்துணிகூட இல்லை.
அதன்பின், தூரத்தில், ஒரு முட்டைக்கோஸ்.

"டேப் அறுந்துடுச்சா?" என்றார் லிசாந்த்ரோ.
"முழங்காலுக்குச் சத்தம் கிடையாது" என்றாள்.
"நேத்துக் கேட்டேன்."

எனக்குத்தான் வேலை கூடியது.
ஏழாம் கட்டத்துப் புழுதியையும் நட்சத்திரங்களையும்
ரப்பரால் தேய்த்தேன்.
அங்கே ஒரு பையன் கிடந்தான்.
எட்டாவதாக ஒரு கட்டம் போட்டேன்.
அதில் அவன் அழவில்லை, இன்னும் இல்லை.
தலையை மட்டும் தூக்கி
இடப்பக்கம் பார்க்கிறான், வலப்பக்கம் பார்க்கிறான்,
யாராவது பார்த்துவிட்டார்களா என்று.

அதற்கு இன்றுவரை எர்மிந்தா
காய்கறி தேடிக்கொண்டிருக்கிறாள்.